ஹவில்தார் இமானுவேல் சேகரன்: பட்டாளமும் ஊரும்

(கோவில்பட்டியில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சின் போக்கை அதிகம் மாற்றவில்லை.)

 

கவிதை வாசிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து நாலு கவிதையோடு வந்தேன். வந்த பிறகு, "அண்ணே, இன்னைக்கு கவிதை வேண்டாம், இமானுவேலைப் பத்திப் பேசுங்க" என்றார்கள். சரி என்று ஒப்புக்கொண்டேன். அவரைப் பற்றி இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆவணி பிறந்துவிட்டால் பஸ் ஸ்டாண்டு சுவரில் ஆரம்பித்து எட்டயபுரம் ரோடு வரைக்கும் போஸ்டர்தான். தியாகி, மாவீரன், போராளி என்று போடுகிறோம். செப்டம்பர் 11 அன்று வேன் பிடித்துப் பரமக்குடிக்குப் போகிறோம். அதெல்லாம் தெரிந்த கதை. அதனால் நான் ஒரே ஒரு வரியைப் பற்றி மட்டும் பேசலாம் என்று இருக்கிறேன்.

அவரைப் பற்றி எந்தத் துண்டறிக்கையை எடுத்தாலும் அந்த வரி இருக்கும். '1945-இல் ராணுவத்தில் சேர்ந்து ஹவில்தாராகப் பணியாற்றினார்.' அவ்வளவுதான். அதற்கு முந்தின வரியில் 1942 ஆகஸ்ட் போராட்டம், சிறை. அடுத்த வரியில் ஊருக்குத் திரும்புதல், இயக்கம், மாநாடு, 1957. நடுவில் இருக்கிற பட்டாளத்தை ஒரு ஸ்டேஷன் மாதிரி நிற்காமல் தாண்டிப் போய்விடுகிறோம். நான் அந்த ஸ்டேஷனில் கொஞ்சம் இறங்கிப் பார்க்க விரும்புகிறேன்.

ஏன் இந்த ஆசை என்று கேட்டால், காரணம் என் பிழைப்பு. நான் பேங்க் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவன். மாதம் பிறந்தால் பென்ஷன் வரிசை. நவம்பர் மாதம் வந்தால் உயிர்வாழ் சான்று கொடுக்க வருவார்கள். இந்தக் கரிசல் காட்டில் வாத்தியார் பென்ஷனுக்கு அடுத்தபடி எங்கள் வரிசையில் நிற்பது மிலிட்டரி பென்ஷன்தான். அதில் நம்ம ஆட்கள் கணிசம். முதுகு வளையாமல் நிற்பார்கள். கையெழுத்துப் போடச் சொன்னால் போட்டுவிட்டுத் தேதியும் எழுதுவார்கள்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கிளையில் ஒருநாள் ஒரு பெரியவர் வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் பேனா. உள்ளே இருந்த அதிகாரி ஒருவர், ஊர்ப் பெயரைப் பார்த்தாரோ தெருப் பெயரைப் பார்த்தாரோ, "என்னப்பா, நீ அப்புறம் வா" என்றார். பெரியவர் நகரவில்லை. மஞ்சள் பையிலிருந்து டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்து, "ரேங்க்கைப் படிச்சுட்டுக் கூப்பிடுங்க" என்றார். சத்தம் போடவில்லை. அதிகாரி படித்தார். சுபேதார். "உட்காருங்க சார்" என்று நாற்காலியைக் காட்டினார். பெரியவர் உட்கார்ந்தார். நான் அன்றைக்கு வீட்டுக்குப் போய் எழுத உட்கார்ந்தேன், கவிதை வரவில்லை. அந்த நாற்காலிதான் திரும்பத் திரும்ப வந்தது. அதை யோசித்துக்கொண்டே போனால் முதுகுளத்தூரில் போய் நிற்கிறது. அங்கே வருகிறேன்.

முதலில் பட்டாளத்துக்கும் நமக்கும் உள்ள பழைய கணக்கைப் பார்ப்போம். 'ராணுவம் நம்மை உயர்த்தியது' என்று ஒரு பேச்சு இருக்கிறது. அப்படி ஒரேயடியாக நன்றி சொல்ல ஒன்றும் இல்லை. ஆள் தேவைப்படும்போது எடுத்துக்கொள்வது, தேவை தீர்ந்தால் சாதியைச் சொல்லிக் கழித்துவிடுவது. இதுதான் வரலாறு. பம்பாய்ப் படையில் மகர்கள் இருந்தார்கள். 1818 ஜனவரி 1 அன்று கோரேகானில் பேஷ்வா படையை எதிர்த்து நின்றவர்களில் அவர்கள் பெரும்பங்கு. அதே மகர்களை 1890களின் தொடக்கத்தில் இனிமேல் எடுப்பதில்லை என்று வெள்ளைக்காரன் நிறுத்தினான். 'போர்க்குணம் உள்ள இனம்' என்று ஒரு தத்துவம் கண்டுபிடித்தார்கள். 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் இந்தத் தத்துவத்தில் ஊறியவர். தெற்கத்தியான் சண்டைக்கு லாயக்கில்லை என்பது அவர் கட்சி. பிறப்பைப் பார்த்து வீரத்தை அளக்கிற வேலை நம் ஊர்க்காரனுக்கு மட்டும் வாய்த்தது அல்ல பாருங்கள். வெள்ளைக்காரனும் வருணாசிரமத்தை நன்றாகவே படித்திருக்கிறான்.

பிறகு முதல் உலகப் போர் வந்தது. ஆள் பற்றவில்லை. 1917-இல் மகர்களுக்கென்று ஒரு படைப்பிரிவு கட்டினார்கள். போர் முடிந்தது, 1921-இல் அது போயிற்று. மெட்ராஸ் ரெஜிமெண்டையும் 1920களில் செலவைக் காட்டிக் கலைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்தது. மறுபடியும் 1941-இல் மகர் ரெஜிமெண்ட். மெட்ராஸ் ரெஜிமெண்டும் மறுபடி எழுந்தது. வடக்கே 1943-இல் சமார் ரெஜிமெண்ட் என்று ஒன்று கட்டி, பர்மா முனைக்கு அனுப்பி, 1946-இல் கலைத்துவிட்டார்கள்.

இந்தக் கதவு திறந்து மூடுகிற இடைவெளியில்தான் 1945-இல் செல்லூர் வேதநாயகத்தின் மகன் உள்ளே நுழைகிறார்.

இமானுவேல் பிறந்தது 1924 அக்டோபர் 9. முதுகுளத்தூர் வட்டாரத்துச் செல்லூர். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். நம்முடைய கரிசல் மாதிரியே அதுவும் வானம் பார்த்த பூமி, மழை பெய்தால் கஞ்சி. உயர்நிலைப் பள்ளி வரைக்கும் படித்தவர். பதினெட்டு வயதில் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் மூன்று மாதம் ஜெயில். அந்த ஆள் மூன்று வருசம் கழித்து அதே வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேருகிறார். சிலர் இதை முரண்பாடு என்பார்கள். மேடையில் இதைச் சொல்லக் கூச்சப்பட்டு 'இந்திய ராணுவத்தில்' என்று சொல்லி மழுப்புகிறவர்களும் உண்டு. எனக்கு இதில் கூச்சமில்லை. வெள்ளைக்காரனை எதிர்த்து ஜெயிலுக்குப் போன பையன் வெளியே வந்து பார்க்கிறான். ஊரில் டீக்கடையில் தனிக் குவளை அப்படியே இருக்கிறது. இறந்த மாட்டைத் தூக்கு, சாவுக்குச் சேதி சொல்லு என்கிற குரல் அப்படியே இருக்கிறது. அந்த ஊரைவிட்டு மரியாதையோடு வெளியேறப் படித்த பையனுக்கு இருந்த வழிகள் எத்தனை? ஒன்று அப்பாவைப் போல வாத்தியார் வேலை. இல்லையென்றால் கப்பலேறிப் போவது. மூன்றாவது பட்டாளம். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 1941-இல் வைஸ்ராயின் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் உட்கார்ந்தவர் அம்பேத்கர். தம் மக்கள் படையில் சேர வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டவர். அவரை யாரும் வெள்ளைக்காரன் ஆள் என்று சொல்லாமல் விட்டார்களா என்ன?

அம்பேத்கரே பட்டாளத்துப் பிள்ளைதான். 1891 ஏப்ரல் 14 அன்று அவர் பிறந்த மாவ் ஒரு ராணுவ முகாம் ஊர். அப்பா ராம்ஜி சக்பால், ராணுவப் பள்ளிக்கூடத்தில் பதினான்கு வருசம் தலைமை ஆசிரியராக இருந்தவர். கம்பெனிப் படையில் சிப்பாய்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் எழுத்து கற்றுக் கொடுத்தாக வேண்டும் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. ஊர்ப் பள்ளிக்கூடம் வெளியே நிறுத்திய மக்களுக்கு முகாமுக்குள் ஒரு பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடம் இல்லாமல் அம்பேத்கர் குடும்பத்தின் கதை இல்லை.

ஆனால் முகாம் வேலியைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கும் அம்பேத்கர் வாழ்க்கையே சாட்சி. 1901-இல், சிறுவன் பீமராவ், அண்ணன், அக்கா பிள்ளை எல்லோரும் அப்பாவைப் பார்க்க ரயிலேறிப் போகிறார்கள். புதுச் சட்டை, தொப்பி. மசூர் ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். உடுப்பைப் பார்த்து மேல்சாதிப் பிள்ளைகள் என்று நினைத்து ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாகப் பேசுகிறார். மகர் என்று சொன்னதும் முகம் மாறிவிடுகிறது. வண்டிக்காரன் எவனும் ஏற்ற மாட்டேன் என்கிறான். கடைசியில் இரட்டைக் கூலி. அதுவும் பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், வண்டிக்காரன் கூட நடந்து வருவான். வழியில் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. சுபேதாரின் பிள்ளைகள் இவர்கள்.

இதை எங்கள் வீட்டுக் கதையோடு சேர்த்துச் சொன்னால்தான் நான் சொல்ல வந்தது புரியும். எங்கள் பெரியப்பா 1969-இல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் பட்டாளத்துக்குப் போனார். வீட்டில் சொல்லவில்லை. பருத்தி எடுக்கப் போகிறேன் என்று போனவர் வெலிங்டனிலிருந்து கடுதாசி போட்டார். முதல் லீவில் வந்தபோது கறுப்பு டிரங்குப் பெட்டி, அதில் வெள்ளைப் பெயின்டில் அவர் பெயரும் நம்பரும். எங்கள் தெருவில் பெயரை எழுத்தில் பார்த்த முதல் பொருள் அந்தப் பெட்டிதான் என்று அப்பா சொல்வார். ரேசன் கார்டில்கூட பெயரைத் தப்பாக எழுதியிருந்தார்களாம்.

அடுத்த லீவில் சைக்கிள் வாங்கினார். ஊர்த் தெருவைத் தாண்டும்போது நம்ம ஆள் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டும். அது அன்றைய சட்டம். பெரியப்பா இறங்கவில்லை. லீவு முடிந்து அவர் ரயிலேறும் வரைக்கும் ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. ரயில் போன மறுநாள் தாத்தாவை ஊர்ச்சாவடிக்குக் கூப்பிட்டு விட்டார்கள்.

"என்னப்பா, ஒம் மவன் சைக்கிள்ல ஏறிக்கிட்டே தெருவைத் தாண்டுதானாமே. தொப்பி போட்டா தலை மாறிருமோ?"

தாத்தா கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். அந்த வருசம் எங்களுக்கு வாரக் காடு கிடையாது. களத்து வேலை கிடையாது. அப்பா இதையெல்லாம் கடுதாசியில் எழுதிவிட்டார். பெரியப்பா அந்தக் கடுதாசியை எடுத்துக்கொண்டு போய்த் தன் கம்பெனி கமாண்டர் முன்னால் நின்றிருக்கிறார். கமாண்டிங் ஆபீசர் கலெக்டருக்கு ஒரு டி.ஓ. லெட்டர் போட்டார். பட்டாளத்தில் இது ஒரு வழக்கம். எல்லையில் நிற்கிறவன் வீட்டில் தொந்தரவு என்றால் அவன் துப்பாக்கியை ஒழுங்காகப் பிடிக்க மாட்டான் என்கிற கவலை அவர்களுக்கு. நம் மீது பாசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்தக் காகிதம் கலெக்டர் ஆபீசிலிருந்து தாலுகா ஆபீசுக்கு வந்து, வருவாய் ஆய்வாளர் ஒருநாள் எங்கள் தெருவுக்கே விசாரிக்க வந்தார். தாத்தாவின் பெயரைச் சொல்லி, 'அவர்' என்று கேட்டாராம். அதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு அரசாங்கத்துக் காகிதம் என்று வந்தது கோர்ட்டு சம்மன் மட்டுந்தான்.

விசாரணையில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. யாரையும் கைது செய்யவில்லை, வாரக் காடும் திரும்பக் கிடைக்கவில்லை. சைக்கிளிலிருந்து இறங்கச் சொல்வது மட்டும் நின்றது. அந்த லெட்டரின் நகல் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. பெரியப்பா 1971 யுத்தம் பார்த்தவர். அந்த மெடலை எங்கே வைத்தார் என்று யாருக்கும் தெரியாது. இந்த லெட்டரைப் பிளாஸ்டிக் கவர் போட்டு வைத்திருந்தார்.

பட்டாளம் நம் ஆளுக்கு வீரத்தைக் கற்றுக் கொடுத்தது என்று சொல்கிறவர்களிடம் எனக்குச் சண்டை உண்டு. வீரத்துக்கு நமக்குப் பட்டாளம் வேண்டியதில்லை. சுந்தரலிங்கம் எந்த வெலிங்டனில் பயிற்சி எடுத்தார்? பட்டாளம் கொடுத்தது வேறு. எழுதப்பட்ட விதி என்று ஒன்று உண்டு, அது பிறப்பைக் கேட்காமல் நடக்கும், மேலே ஒருத்தன் மீறினால் அவனுக்கும் மேலே எழுதலாம் என்கிற அனுபவம். சம்பளப் பட்டியலில் பெயர். ஒரே பந்தியில் தட்டு. யாருக்கு எழுந்து நிற்க வேண்டும், யாருக்கு நிற்க வேண்டியதில்லை என்பதற்கு ஒரு கணக்கு. இருபது வயதில் அப்படி நாலைந்து வருசம் வாழ்ந்துவிட்டவன் ஊருக்குத் திரும்பும்போது அவனுக்கு ஊர்தான் புரியாத தேசம்.

இப்போது இமானுவேலுக்கு வருவோம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் அவர் திரும்பி வருகிறார். என்ன செய்கிறார் என்று பாருங்கள். ஆட்களைக் கூட்டுகிறார், சங்கம் கட்டுகிறார், ஒடுக்கப்பட்ட மக்களின் மாநாடுகளை நடத்துகிறார். இரட்டைக் குவளையை எதிர்க்கிறார். இழிதொழிலைச் செய்யாதே என்கிறார். காங்கிரசில் இருக்கிறார். அவர் நினைத்திருந்தால் நிம்மதியாக வேறு வேலைக்குப் போயிருக்கலாம். மாஜி ராணுவத்தினருக்கு அரசு வேலையில் வழி இருந்த காலம். பெரியப்பா மாதிரி ஒரு வீட்டுக்கு ஒரு லெட்டர் வாங்கித் தன் சைக்கிளை மட்டும் ஓட்டிக்கொண்டிருக்கலாம். அவர் பட்டாளத்து விதியை முதுகுளத்தூருக்கு மொத்தமாக அமல்படுத்தப் பார்த்தார். அதுதான் வித்தியாசம். பெரியப்பாவைக் குறைத்துச் சொல்லவில்லை. தனி ஆளின் மரியாதை வேறு, இயக்கம் வேறு.

1957 தேர்தல், அதன் பின்னால் முதுகுளத்தூர் சட்டமன்றத் தொகுதியில் ஜூலையில் நடந்த இடைத்தேர்தல், அதைத் தொடர்ந்த மோதல்கள், எரிந்த வீடுகள் எல்லாம் உங்களுக்குத் தெரியும். மாவட்ட ஆட்சித் தலைவர் பணிக்கர் செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் அமைதிக் கூட்டம் கூட்டுகிறார். தேவேந்திரர்களின் பிரதிநிதிகளில் ஒருவராக இமானுவேல் அதில் உட்காருகிறார். எதிரே முத்துராமலிங்கத் தேவர். எல்லாத் தலைவர்களும் சேர்ந்து ஒரே அறிக்கையில் கையெழுத்துப் போடலாம் என்று வந்தபோது, தேவர் அதற்கு இசையவில்லை, தனித்தனிக் காகிதத்தில் போடலாம் என்றார். இது பதிவான செய்தி. அவர் உள்ளே வரும்போது இமானுவேல் எழுந்து நிற்கவில்லை, நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார் என்பது நம் மக்கள் வாயில் வழங்குகிற செய்தி. எங்கள் பக்கத்துக் கிழவிகள்கூட அந்த நாற்காலியை நேரில் பார்த்த மாதிரி சொல்வார்கள்.

தோழர்களே, எழுந்து நிற்கத் தெரியாதவர் அல்ல ஹவில்தார் இமானுவேல். வருசக் கணக்கில் தினமும் காலையில் எழுந்து நின்று சல்யூட் அடித்த ஆள். விறைப்பாக நிற்பதில் அவருக்கு இருந்த பழக்கம் அந்த அறையில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? பதவிக்கு நிற்பார், கொடிக்கு நிற்பார். பிறப்புக்கு நிற்பது என்கிற பாடம் அவருடைய டிரில்லில் இல்லை. என் கவுண்டருக்கு வந்த சுபேதார் கேட்டதும் இதைத்தான்.

மறுநாள் செப்டம்பர் 11. பாரதி நினைவு நாள். பரமக்குடிப் பக்கம் பாரதி விழாவில் பேசிவிட்டுத் திரும்பிய இமானுவேல் அன்றிரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். முப்பத்து மூன்று வயது முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. எட்டயபுரத்துக்காரனின் நினைவு நாளில் பேசிவிட்டு வந்த மனிதனை. இதை எட்டயபுரம் ரோட்டில் இருந்துகொண்டு சொல்லும்போது எனக்கு எப்போதும் தொண்டை அடைக்கும். தேவர் கைது செய்யப்பட்டார், கொலை வழக்கில் சேர்க்கப்பட்டார், 1959-இல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. வழக்கின் முடிவு அது. கேள்வியின் முடிவு அது அல்ல. ஒரு அமைதிக் கூட்டத்தில் சமமாக உட்கார்ந்த மறுநாள் ஒரு மனிதன் சாகும்படி இந்த மண் இருந்தது என்பதற்கு எந்தத் தீர்ப்பும் பதில் ஆகாது.

அந்த நாற்காலிப் பிரச்சினை 1957-ஓடு தீரவில்லை. இங்கேயிருந்து கூப்பிடு தூரந்தான் கொடியன்குளம். 1995 ஆகஸ்ட் 31 அன்று நூற்றுக்கணக்கான போலீஸ் உள்ளே புகுந்தது. அந்த ஊரில் படித்தவர்கள், வெளிநாட்டில் சம்பாதித்தவர்கள், உத்தியோகத்தில் இருந்தவர்கள் இருந்தார்கள். டி.வி.யை உடைத்தார்கள், ஃபேனை உடைத்தார்கள், கிணற்றைப் பாழாக்கினார்கள். கூடவே பாஸ்போர்ட்டையும் படிப்புச் சான்றிதழ்களையும் எரித்தார்கள். கலவரத்தை அடக்க வந்தவனுக்குச் சான்றிதழோடு என்ன பகை? வெளியே போய் இவன் சம்பாதித்து வந்த காகிதம் எது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. 1997-இல் ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று கலவரம். கடைசியில் அரசாங்கம் எல்லா மாவட்டப் பெயர்களையும் எல்லாக் கழகப் பெயர்களையும் சேர்த்தே எடுத்துவிட்டது. படைத்தளபதியின் பெயரைத் தகரத்தில்கூடத் தாங்க முடியவில்லை. 2010-இல் இமானுவேலுக்குத் தபால் தலை வந்தது. அடுத்த வருசமே, 2011 செப்டம்பர் 11, அவர் நினைவு நாளுக்குப் போனவர்கள் மீது பரமக்குடியில் துப்பாக்கிச் சூடு. ஆறு உயிர்.

பட்டாளத்தைப் பற்றிய மறுபக்கத்தையும் நான் சொல்லாமல் போனால் நாளைக்கு மாணவத் தோழர்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள். சொல்கிறேன். 1984-இல் பொற்கோயிலுக்குள் அனுப்பப்பட்ட படைகளில் மெட்ராஸ் ரெஜிமெண்டும் இருந்தது. 1987-இல் ஈழத்துக்குப் போன அமைதிப் படையில் தமிழ் பேசுகிற சிப்பாய்கள் இருந்தார்கள். ஊரில் தன் தெருவை எரித்தவர்களை எதிர்க்கப் பட்டாளம் கற்றுக் கொடுத்தது உண்மை. வேறு யாரோ ஒருவர் தெருவுக்குள் உத்தரவின் பேரில் நுழையவும் அதுவேதான் கற்றுக் கொடுத்தது. பெரியப்பாவிடம் இதைக் கேட்டிருக்கிறேன். "உத்தரவு உத்தரவுதாண்டா" என்று சொல்லிவிட்டு டிரான்சிஸ்டரைத் திருப்ப ஆரம்பித்துவிடுவார். அந்த மௌனத்தையும் நாம் எழுத வேண்டும். உள்ளேயும் சாதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இன்றைக்கும் சாதிப் பெயரில் ரெஜிமெண்டுகள் நிற்கின்றன. ஜனாதிபதியின் மெய்க்காவல் படைக்கு ஜாட், ராஜபுத்திரர், ஜாட் சீக்கியர் மட்டுமே. ராணுவ ஆள்சேர்ப்பில் நமக்கு இடஒதுக்கீடு கிடையாது. உள்ளே போன நம் பையன் ஓடித்தான் போயிருக்கிறான்.

பெண்களை இந்தக் கதையில் எங்கே வைப்பது? நம் மேடைகளில் மீசையும் வாளும் அதிகம். பென்ஷன் வரிசையில் பாதிப்பேர் பெண்கள். குடும்பப் பென்ஷன். புருசன் காஷ்மீரத்தில் பனியில் நின்ற காலத்தில் இவர்கள் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள். எழுத்தாளர் பாமாவின் அப்பா பட்டாளத்தில் இருந்தவர். அந்த வீட்டிலிருந்துதான் 1992-இல் 'கருக்கு' வந்தது, ராஜ் கௌதமன் வந்தார். வீட்டில் இருந்த அம்மாவைப் பற்றி நாம் எத்தனை கூட்டம் போட்டோம்?

இன்றைய நிலைமைக்கு வந்துவிடுகிறேன், நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள்.

பெரியப்பா காலத்துக் கணக்கு இது. பத்தாவது முடித்தவன் பதினெட்டு வயதில் போனான். பதினைந்து வருசம் முடித்தால் ஆயுள் முழுக்கப் பென்ஷன். முப்பத்தைந்து வயதில் வெளியே வந்தால் அடுத்த வேலை. பொதுத்துறை வங்கிகளில் கிளார்க் வேலையில் 14.5 சதவீதம், கடைநிலை வேலையில் 24.5 சதவீதம் முன்னாள் படைவீரர்களுக்கு. என் பக்கத்து சீட்டில் இருப்பவரே அப்படி வந்தவர்தான். ஊர்க்காரன் காட்டை நம்பாமல் நிற்கத் தைரியம் கொடுத்தது அந்தப் பென்ஷன். தாத்தாவுக்கு வாரக் காடு இல்லை என்று சொன்னபோது குடும்பம் சாகாமல் இருந்தது மணியார்டரால்.

2022 ஜூனில் அக்னிபத் வந்தது. நாலு வருசம். நூற்றில் இருபத்தைந்து பேரை வைத்துக்கொள்வார்கள். மிச்சப் பேருக்குச் சுமார் 11.71 லட்சம் கையில். பென்ஷன் இல்லை, முன்னாள் படைவீரர் என்கிற பெயரும் இல்லை. பீகாரில் ரயில் எரிந்தது, செகந்திராபாத்தில் எரிந்தது, ஒரு பையன் சுடப்பட்டுச் செத்தான். இங்கே பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. சத்தம் இல்லை என்பதால் பாதிப்பு இல்லை என்று நினைக்காதீர்கள். பதினெட்டில் போய் இருபத்திரண்டில் திரும்பி வரப்போகிற நம் பையனுக்கு, சமமாக உட்காரும் பழக்கம் வந்துவிட்டிருக்கும். அவன் கையில் அதைக் காப்பாற்றிக்கொள்கிற மாதச் சம்பளம் இருக்காது. தீப்பெட்டி ஆபீசுக்கோ, திருப்பூருக்கோ, சென்னையில் ஏதோ ஒரு கட்டிடத்து வாசலில் செக்யூரிட்டி நாற்காலிக்கோ போவான். அல்லது ஊரிலேயே இருப்பான். இருந்தால், பழைய தெருவில் புது முதுகோடு இருப்பான். அவனோடு நிற்க இயக்கம் தயாராக இருக்கிறதா என்பதுதான் என் கவலை. இமானுவேல் அமைதிக் கூட்டத்தில் உட்கார்ந்தபோது பின்னால் ஒரு சங்கம் இருந்தது, அப்படியும் காப்பாற்ற முடியவில்லை.

விடியற்காலையில் எட்டயபுரம் ரோட்டில் பையன்கள் ஓடுகிறார்கள். நான் பால் வாங்கப் போகும்போது பார்ப்பேன். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிசத்தில் ஓட வேண்டும் என்று கணக்கு வைத்து ஓடுகிறார்கள். ஒரு பையன் அப்ளிகேசன் நிரப்ப என்னிடம் வந்தான். தீப்பெட்டி ஆபீஸ் சம்பளத்தில் அம்மா வாங்கிக் கொடுத்த ஷூ. நாலு வருசம் கழித்து என்னடா செய்வாய் என்று கேட்டேன். "அதை அப்புறம் பாத்துக்கலாம்ணே, மொதல்ல இந்த ஊர்ல இருந்து கிளம்பணும்" என்றான். நான் போகாதே என்று சொல்லவில்லை. சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. பெரியப்பா மணியார்டரில் எங்கள் அப்பா படித்தார், அப்பா சம்பளத்தில் நான் டிகிரி முடித்தேன்.

தோழர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் உங்கள் ஊரில் பட்டாளத்துக்குப் போய் வந்த நம் பெரியவர்கள் இருப்பார்கள். டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், வீட்டுக்குப் போட்ட கடுதாசி, கலெக்டருக்குப் போன லெட்டர், எது இருந்தாலும் சரி. கரையான் தின்பதற்குள் நகல் எடுத்தாக வேண்டும். எந்தத் தெருவில் யார் சைக்கிளை விட்டு இறங்க மறுத்தார், எந்த வருசம், யார் சாட்சி என்று கேட்டு எழுதுங்கள். கிழவிகளிடமும் கேளுங்கள், அவர்களுக்குத்தான் தேதி ஞாபகம் இருக்கும். பேங்குக்கு மத்தியானத்துக்கு மேல் வந்தால் கூட்டம் இருக்காது. மிசின் ரிப்பேராக இல்லாவிட்டால் நானே ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன். ஒரிஜினலை மட்டும் என்னிடம் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.